பாப்பா செட்டில் ஆகிட்டாங்க, ஐயா

ஞாயிற்றுக்கிழமை நம்ம சேலத்தில் விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்த விழாவில், மேடையில் ஒரு பெரியவர் ஒரு பாஸ்கெட்பால் ஆட்டக்காரியிடம் கேட்ட கேள்வியை வீடியோவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம்மூர் வாட்ஸ்அப் குழு ஒன்று விடாமல் சுற்றிவிட்டது. அதனால் கதையை முதலில் இருந்து சொல்லப் போவதில்லை, யார் பெயரையும் எழுதப் போவதுமில்லை. அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் என் சொந்தக்காரர்களே நாலு பேர். இதையும் படிப்பார்கள், படிக்கட்டும்.

"பாப்பா, இன்னும் பந்துதான் விளையாடிக்கிட்டு இருக்கியா? எப்பதான் செட்டில் ஆகப் போற?"

அந்தப் பாப்பாவுக்கு இருபத்தேழு வயசு. ரயில்வேயில் வேலை. பாஸ்கெட்பால் ஆடுவதற்காகவே கொடுத்த வேலை. விடியும்போது கோர்ட், அப்புறம் ஆபீஸ், சாயங்காலம் மறுபடி கோர்ட். முட்டியில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, மாசக்கணக்கில் சுவரைப் பிடித்து நடந்து, இப்போது திரும்ப ஓடுகிறாள். ஒண்ணாம் தேதியானால் சம்பளம் வருகிறது. இதற்கு மேல் எப்படி ஐயா செட்டில் ஆவது? அவள் செய்வது வேலை. உங்கள் கடை மாதிரி, என் வீட்டுக்காரர் கடை மாதிரி, வேலை.

"பெரியவர், பாசத்துல கேட்டார், இதைப் போய்ப் பெரிசு பண்றியே" என்று அதற்குள் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டார்கள். சரி, பாசம்தான். பக்கத்திலேயே நின்ற பையன்களிடம் அந்தப் பாசம் ஏன் வரவில்லை? அவர்களிடம் "அடுத்து இந்தியா டீம்தானே தம்பி?" என்றல்லவா கேட்டார்.

2021 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? நம்ம கிரிக்கெட் வீரர் நடராஜன் ஆஸ்திரேலியாவில் ஆடி முடித்து சொந்த ஊர் சின்னப்பம்பட்டிக்கு வந்தபோது குதிரை பூட்டிய சாரட்டில் ஊர்வலம் விட்டோம். மகள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. ஐபிஎல் முடித்து அப்படியே ஆஸ்திரேலியா போய்விட்டார். "பெத்த புள்ளைய கூடப் பார்க்காம ஆடப் போனாரு" என்று சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தோம். எனக்கும் கண் கலங்கியது. அவரைக் குறையே சொல்லவில்லை, அந்த வரவேற்பு அவருக்குத் தகும். ஆனால் அதே வாக்கியத்தை ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். புகழ்ச்சி மாதிரியா கேட்கிறது?

அனிதா பால்துரை என்று ஒரு பாஸ்கெட்பால் ஆட்டக்காரர். சென்னைக்காரர், தெற்கு ரயில்வே. 18 வருஷம் இந்தியாவுக்கு ஆடினார். பிள்ளை பெற்ற பிறகும் திரும்பி வந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று சாய்த்த டீமில் இருந்தார். இரண்டே பாயின்ட்! 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எந்தச் சாரட்டில் ஏற்றினோம்? சேலத்தில் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரியும்?

"பொம்பளைங்க மேட்சை யாரு பார்க்கறா?" இதுவும் வரும். 2024இல் அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் பாஸ்கெட்பால் இறுதி ஆட்டத்தை டிவியில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேலானவர்கள் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு அதைவிடக் குறைவு. அதில் ஆடிய கெய்ட்லின் கிளார்க் அதே வருஷம் தொழில்முறை லீகுக்குப் போனார். முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர். அந்த வருஷம் ஆண்கள் லீகில் புது ஆட்டக்காரர்களில் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த பையனுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல். பார்க்க ஆள் இருந்தும் இந்தக் கதி. டயானா டொராசி என்ற பெரிய ஆட்டக்காரர் 2015இல் அமெரிக்க லீகில் ஆடவே இல்லை. "அங்கே ஆடாதே, ஓய்வெடு" என்று ரஷ்ய கிளப் ஒன்று காசு கொடுத்தது. ஆடினால் கிடைப்பதைவிட அது அதிகம். அவளும் செட்டில் ஆகவில்லை என்பீர்களோ என்னவோ.

"விளையாட்டு கோட்டாவில் வேலை வாங்கிட்டு ஆபீஸ் பக்கமே வர்றதில்லை" என்றும் சொல்வார்கள். சில பேர் அப்படி இருக்கலாம். அதைப் பற்றி இன்னொரு நாள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு: நானும் ஆடினவள்தான். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. பட்டறைக்காரர் மகள் வெறுங்காலோடு இருக்கலாமா? பதினாலு வயசில் காந்தி ஸ்டேடியத்தில் டிஸ்ட்ரிக்ட் செலக்‌ஷன். நகை எதையும் போட்டுக்கொண்டு ஆடக்கூடாது, கழற்று என்றார் ரெஃப்ரி. திருகாணி இறுகிப் போய் வரவே இல்லை. அப்பா கோர்ட் ஓரத்தில் மண்டி போட்டு, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்னக் குறட்டால் திருகி எடுத்தார். இரண்டு கொலுசையும் பையில் போட்டுக்கொண்டார். நான் பந்தை எடுத்து ஓடும்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே அவரும் கூடவே ஓடினார். ஜல் ஜல் என்று சத்தம். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. டீமில் எடுத்துவிட்டார்கள்.

இருபது வயசில் ஒரு டிபார்ட்மென்ட் டீமில் இருந்து டிரையலுக்குக் கூப்பிட்டு லெட்டர் வந்தது. அதே அப்பா அதைப் படித்து, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். "போதும்மா, எத்தனை நாளைக்குத்தான் விளையாடுவ" என்றார். தையில் கல்யாணம். சீராக அவர் கையாலேயே செய்த கொலுசு, கால் கிலோ. நான் அவரைத் தப்பு சொல்லவில்லை. அவரிடம் அது வேலை என்று சொல்ல அன்றைக்கு யாருமில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லலாம் என்றால் அவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்கு ஷூ கொடுத்தார்கள். அவளுக்குக் கொடுத்தது ஹாட்பாக்ஸ். வீடியோவைக் கடைசி வரை பாருங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறாள். எனக்கும் அந்தக் காலத்தில் மூன்று வந்தது, இரண்டு இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. அடுத்த விழாவுக்குத் தேவைப்பட்டால் ஐயா ஆள் அனுப்பட்டும், எடுத்துத் தருகிறேன்.