அம்மா பப்பில் சாப்பிட்டதில் என்ன கேவலம்?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட போட்டோவைப் பற்றி இனி யாரும் இன்பாக்ஸில் அறிவுரை அனுப்ப வேண்டாம். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அது பப்தான். ஆமாம், என் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது என் அம்மாதான். முன்னால் இருக்கிற உயரமான கிளாஸில் இருந்தது லைம் சோடா. அந்த கிளாஸைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றவிட்டிருக்கிறீர்கள். எழுபதை நெருங்குகிற ஒரு பெண்மணி மதியச் சாப்பாட்டோடு என்ன குடித்தாள் என்று நான் ஊருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் தெருமுனையில் இருப்பது கேஸ்ட்ரோபப், அதாவது நல்ல சாப்பாட்டுக்காகவே ஆட்கள் வருகிற பப். லண்டனில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பப்புகளில் பெரும்பகுதி நெடுங்காலம் பீர் கம்பெனிகளின் கையில்தான் இருந்தது. 1989-ல் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது, இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருக்கிற கம்பெனிகள் அந்த அளவைத் தாண்டியதில் பாதியைத் தங்கள் பிடியிலிருந்து விட வேண்டும் என்று. நிறைய பப்புகள் கைமாறின, குத்தகைக்கு வந்தன. ரெஸ்டாரன்ட் திறக்க வசதியில்லாத டேவிட் அயர், மைக் பெல்பென் என்ற இரண்டு பேர் 1991-ல் ஃபாரிங்டன் ரோட்டில் 'தி ஈகிள்' என்ற பப்பை எடுத்தார்கள். கவுண்டருக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்து, அன்றைக்கு என்ன சமையலோ அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஜோடி சேராத பழைய நாற்காலிகளில் ஆட்களை உட்கார வைத்து நல்ல சாப்பாடு போட்டார்கள். அங்கே ஆரம்பித்ததுதான் இது. 2001-ல் ஹெரெஃபோர்ட்ஷயரில் ஒரு கிராமத்து பப்புக்கு, சிறந்த உணவகங்களுக்குத் தருகிற மிஷெலின் நட்சத்திரமே கிடைத்தது. அதாவது ஜனங்கள் அங்கே சாப்பிடப் போகிறார்கள். ஞாயிறு மதியம் வந்து பாருங்கள், பேரன் பேத்திகளோடு கிழவன் கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், மேசைக்கடியில் படுத்துக் கிடக்கும் நாய்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மா ஒருத்தி உட்கார்ந்ததும் குடும்ப மானம் போய்விட்டதாம்.

அங்கே அம்மாவை எப்படி நடத்தினார்கள் தெரியுமா? அம்மா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள். கோழி ரோஸ்ட் கேட்டோம். மேலே ஊற்றுகிற கிரேவி எதில் செய்தது என்று நான் கேட்டேன். ஆர்டர் எடுத்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. "இருங்க, கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள். திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தே சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல: கிரேவி மாட்டு எலும்பில் செய்தது, ரோஸ்ட்டோடு வைக்கிற யார்க்ஷயர் புட்டிங் என்ற உப்பலான மாவுப் பண்டத்தையும் மாட்டுக் கொழுப்பு ஊற்றித்தான் சுடுகிறார்கள், உருளைக்கிழங்கும் அதே கொழுப்பில் வறுத்ததுதான், அதனால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு, காய்கறி கிரேவியும் வெண்ணெயில் வதக்கிய கேரட்டும் கூடுதலாக வைக்கிறோம், சரியா என்று. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். அவளுக்கு என்ன பிடிக்கும், எது ஆகாது என்று யாராவது அடுப்படி வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்ததை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் உட்பட.

"லண்டன்ல தோசைக் கடையே இல்லையா?" என்று ஒருவர். இருக்கிறது, ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது, டூட்டிங்கில் இருக்கிறது, நானும் போகிறேன். ஆனால் முட்டிவலிக்காரி அம்மாவை ரயில் மாற்றி ரயில் ஏற்றிக் கூட்டிப்போய், அவள் ஆயுசு பூராவும் சுட்டுப் போட்ட தோசையையே வாங்கிக் கொடுக்க வேண்டுமா? தெருமுனைக்கு அவளால் நடக்க முடியும். அவளாக நடந்தே வந்தாள்.

"பக்கத்து மேசையில குடிக்கிறாங்களே" என்பது இன்னொரு வாதம். இதை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் போன ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். கடையை ஒட்டிய பாரில் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் கையுமாக நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, சாயங்காலமானால் பெண்கள் சுற்றுவழியில் வீட்டுக்குப் போகிற தெருக்களை எனக்குத் தெரியும். குடியால் தாலியை இழந்தவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை ஏன் அம்மாவின் மேல் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள்? குடித்துவிட்டு வந்து கல்யாண வீட்டில் பந்தியைக் கலைத்த ஆண்களை இதே குரூப்பில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அவன் குணம் தங்கம், குடிச்சா மட்டும்தான் அப்படி" என்றீர்கள். லைம் சோடா குடித்தவளுக்கு மட்டும் விசாரணை.

அப்புறம் "வெள்ளைக்காரன் மோகம்" என்று எழுதிய அண்ணன். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெதிக் என்று ஓர் ஊர். வார்ப்பட ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபிக்காரர்களை 1960-களில் அந்த ஊர் பப்புகளில் நல்ல அறையில் உட்காரவிட மாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் அவர்கள் அழைத்து, அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மால்கம் எக்ஸே அங்கே வந்தார், அவருக்கும் பப்பின் ஓர் அறையில் இடம் தர மறுத்தார்கள். அந்த வருடக் கடைசியில்தான் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது, பப்பில் நிறத்தைக் காரணம் காட்டி ஆளை மறுப்பது சட்டவிரோதமானது. பின்னால் அந்தப் பக்கத்து பப்புகள் பலவற்றைப் பஞ்சாபிகளே எடுத்து நடத்தினார்கள், தந்தூரி மிக்ஸட் கிரில் போட்டார்கள், இன்றைக்கு வெள்ளைக்காரர்கள் அதைத் தேடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் சண்டை போட்டு வாங்கிய நாற்காலி அது. அதில் என் அம்மா உட்கார்ந்தால் உங்களுக்கு மோகமாகத் தெரிகிறது.

சின்ன வயதில் நாங்கள் ஹோட்டலுக்குப் போனதே குறைவு. கோவில்பட்டியில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் ஒரு ஹோட்டலில் ஃபேமிலி ரூம் என்று இருக்கும். பச்சைத் திரை போட்ட ஒரு தடுப்பு, மின்விசிறி ஓடாது. வெளியே காற்றோட்டமாக ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட, அம்மா அந்தத் திரைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். சர்வர் திரையை விலக்கும்போதெல்லாம் கையிலிருக்கிற கவளத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்வாள். வீட்டில் என்றால் கடைசிப் பந்தி, சட்டியில் மிஞ்சியது. அப்பா சிநேகிதர்களோடு வெளியே சாப்பிட்டு வந்தால் பார்சல் கொண்டுவருவார், அன்பாகத்தான் கொண்டுவருவார், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறிப்போன பரோட்டாதான் அவளுக்கு வந்தது. ஜன்னலோரமாக உட்கார்ந்து, தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு, சூடாக, தனக்கென்று ஒரு தட்டில் அவள் சாப்பிட்ட போட்டோ அது. அதற்குத்தான் வட்டம் போட்டீர்கள்.

"உனக்கு விருப்பம்னா போ, ஏன் போட்டோ போடுற?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கோவா டூர் போட்டோவுக்கு நான் ஹார்ட் போட்டிருக்கிறேன். என் அம்மா சிரிக்கிற போட்டோ என்னிடம் அதிகம் இல்லை. அதனால் போட்டேன்.

இப்போது சொல்லவந்ததற்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி அம்மா என் அறைக்கு வந்து, "அந்தப் போட்டோவ எடுத்துரும்மா. ஊர்ல எல்லாரும் என்னமோ பேசுறாங்களாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. தப்பு செய்த பிள்ளை மாதிரி நின்றாள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக அவளே ஆசைப்பட்டுப் போன இடம் அது. இரண்டு வாரமாகக் கடந்துபோகும்போதெல்லாம் "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் கேட்க மாட்டாள். அதைச் சாதித்துவிட்டீர்கள்.

சித்தப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். "மதினியக் கொண்டுபோய் பார்ல உட்கார வச்சிருக்கியே, அண்ணன் இருந்தா இது நடக்குமா?" என்று குரூப்பில் எழுதினீர்கள். நீங்கள் எங்கள் வீட்டில் தங்கி காலேஜ் படித்தபோது, விடியற்காலம் எழுந்து உங்களுக்கு டிபன் கேரியர் கட்டியவள் அந்த மதினிதான். அவள் சாப்பிட்டாளா என்று நீங்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போதும் அப்பாவை இழுத்துத்தான் கேட்கிறீர்கள், அவளைக் கேட்கவில்லை.

போட்டோவை நான் எடுக்கப் போவதில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குரூப்பில் போட்டதை நீங்கள் அழியுங்கள், அழித்துவிட்டு அவளுக்கு ஒரு போன் செய்யுங்கள். "தம்பி கோவமா இருக்கானா?" என்று இன்றைக்குக் காலையிலும் கேட்டாள்.