கண்டறியாத டேட்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில திகதிக்கெண்டு இருக்கிற 'டேட்'டோட மாரடிக்கிறதைப் போல விசர் வாற வேலை வேறொண்டும் இல்லை. '2024-03-05' எண்டு குடுத்தா யூடிசி, அதாவது உலகப் பொது நேரமா எடுக்குது. '2024/03/05' எண்டு சாய்கோடு போட்டா உள்ளூர் நேரமாம். ஒரு கோட்டுக்கு அஞ்சரை மணித்தியால வித்தியாசமே?

கிளிநொச்சியில நெல்லுக் கொள்வனவுப் படிவம் ஒண்டு. எழுதிறவர் மார்ச் 5ஐத் தெரிவு செய்யிறார். அது எங்கட நள்ளிரவு. திகதியை யூடிசி நேர எழுத்தா மாத்திற டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டு அனுப்பினா 4ஆம் திகதி 18:30 எண்டு போய்ச் சேருது. பற்றுச்சீட்டில முதல்நாள் திகதி. "தம்பி, நான் நேற்று வரேல்லையே" எண்டு நிக்கிற கமக்காரருக்கு யூடிசியையே விளங்கப்படுத்திறது? டேட் மாதத்தைப் பூச்சியத்தில இருந்து எண்ணுறது வேற.

பழைய திகதிகள் இன்னும் மோசம். 1996இல அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது, 2006 ஏப்ரலிலதான் திரும்ப யூடிசியை விட அஞ்சரை மணித்தியாலம் கூட எண்ட பழைய கணக்குக்கு வந்தது. புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில அந்த மாற்றத்தை ஏற்கேல்லை, பழைய நேரம்தான் ஓடினது. கணினிகள் பார்க்கிற நேர வலயத் தரவுத்தளத்தில இலங்கைக்கு இருக்கிறது 'ஏசியா/கொழும்பு' மட்டும். அப்ப 2001இல வன்னியில மல்லாவியில பிறந்த பிள்ளையின்ர பிறந்த நேரத்தைப் போட்டா, கணினி அரை மணித்தியாலம் பிழையாத்தான் கணக்குப் பார்க்கும். எங்கட நேரத்துக்கெண்டு அதில தனி வலயம் இல்லை. இதுதான் எனக்கு உண்மையா நோகுது.

பிறந்தநாளுக்கும் நெல்லுப் போட்ட நாளுக்கும் நேர வலயமே தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டின்ர புது டெம்போரலில, நேரமில்லாத வெறும் திகதியை வைக்கிற பிளெயின்டேட் அதுக்குத்தான் இருக்கு. அது பாவிக்கேலாத இடத்தில திகதியை வெறும் எழுத்தாவே சேமியுங்கோ, டேட்டுக்குள்ள தள்ளாதேங்கோ.