பேட்டரியைப் பிடுங்கும் முன் போர்டு எதுவென்று பாருங்கள்

“பழைய ஆர்கேட் போர்டு (காசு போட்டு ஆடும் கேம் மெஷினின் சர்க்யூட் போர்டு) எதுவானாலும் பேட்டரியை வெட்டி எறிங்க, ஹைஸ்கோர் மட்டும்தான் போகும்” என்று இந்தத் திரியில் ஒரு அண்ணன் பதில் எழுதியிருக்கிறார். எஸ்என்கே கம்பெனியின் நியோ ஜியோ எம்விஎஸ் போர்டுக்கு அது கிட்டத்தட்ட சரி, ஹைஸ்கோரோடு செட்டிங்ஸும் போகும், அவ்வளவுதான். கேப்காம் 1993-ல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டுக்குச் சரியில்லை.

சிபிஎஸ்-2-வில் கேம் புரோகிராம் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி, பேட்டரி தாங்கிப் பிடிக்கிற ஒரு சின்ன நினைவகத்தில்தான் இருக்கிறது. பேட்டரி மின்சாரம் அறுந்தால் சாவி அழிந்துவிடும், கேம் ஓடாது. கேம் பதிந்திருக்கும் ரோம் சிப்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பிரயோஜனம் இல்லை. செகாவின் எஃப்டி1094 சிப் உள்ள போர்டுகளிலும் இதே கதைதான். செத்த சிபிஎஸ்-2 போர்டில் சாவியைத் திரும்ப எழுத இப்போது வழி இருக்கிறது. அதற்காக வேண்டுமென்றே கொல்வானேன்?

பெரும்பாலான எம்விஎஸ் போர்டுகளில் இருப்பது ரீசார்ஜ் ஆகும் நிக்கல் காட்மியம் பேட்டரி. கசிந்தால் பச்சையாகப் பூத்து, போர்டில் அருகிலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் கிடந்த போர்டு என்றால் கேட்கவே வேண்டாம். அதைத் தாராளமாகக் கழற்றுங்கள். கசிவு காரத்தன்மை உள்ளது. வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். அந்த இடத்தில் ரீசார்ஜ் ஆகாத சாதாரண சிஆர்2032 காசு வடிவ பேட்டரியை அப்படியே பற்றவைக்காதீர்கள், போர்டு அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். சார்ஜ் போகாமல் தடுக்க ஒரு டயோடாவது (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வேண்டும்.

நாகர்கோவிலில் பழைய கேம் கடைச் சரக்கு வாங்கினேன் என்று சொல்லி இங்கே கேட்ட தம்பி, போர்டு போட்டோ போடுங்கள். அதுவரை கட்டரைக் கீழே வையுங்கள்.