சுகர் டெஸ்டுக்கு முன் தண்ணீர் குடிக்கலாம்

'வெறும் வயிற்று சுகர் டெஸ்ட் என்றால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது' என்று தாராவித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

போன வாரம் லேபில் ஒரு பாட்டி உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை. உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு சரியாகப் புடைக்காது.

சரி, சர்க்கரை போடாத டீ? வேண்டாம், பாலிலேயே சர்க்கரைச் சத்து உண்டு. காலை மாத்திரையைப் பற்றி மட்டும் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், ரத்தச் சர்க்கரையின் 2-3 மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்டுக்குப் பட்டினியே தேவையில்லை.