பழைய குர்ஆனுக்கு விலை பேசுகிறவர்களுக்கு

குர்ஆனை ஓதி முடித்ததும் முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா, கூடாதா? காரைக்குடிப் பக்கத்தில் இந்த வாக்குவாதம் ஓயவே மாட்டேன் என்கிறது. முத்தமிடுவது மார்க்கத்தில் இல்லாத புதுமை என்கிறார் ஒருவர். முத்தமிடாதவனுக்குக் குர்ஆன் மீது மரியாதையே கிடையாது என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் எனக்கு உறவினர்கள். நிக்காஹ் விருந்துப் பந்தியில்கூட இதைத் தொடங்கிவிடுகிறார்கள்.

எனக்கு இந்த விவாதத்தில் ஒரு பெருங்குறை தெரிகிறது. ஓதுகிற குர்ஆனைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஓத ஆளில்லாமல் போன குர்ஆன்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் முத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நபிகளின் தோழரும் இரண்டாம் கலீஃபாவுமான உமர் (ரலி) அவர்கள், மக்காவின் கஃபா ஆலயத்தில் பதிந்திருக்கும் ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லின் முன் நின்று சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. "நீ ஒரு கல் என்று எனக்குத் தெரியும். உன்னால் நன்மையும் இல்லை, தீங்கும் இல்லை. அல்லாஹ்வின் தூதர் உன்னை முத்தமிட்டதை நான் பார்த்திராவிட்டால் முத்தமிட்டிருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு முத்தமிட்டார். ஒரு தரப்பு அவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொள்கிறது, மறுதரப்பு அவர் செய்ததை மட்டும் பிடித்துக்கொள்கிறது. சொன்னவரும் செய்தவரும் ஒரே மனிதர், ஒரே நொடியில்.

அதே உமர்தான் மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் ஒரு மரத்தை வெட்டச் சொன்னார் என்று பழைய வரலாற்றாசிரியர் இப்னு சஅத் பதிவு செய்திருக்கிறார். 628-ஆம் ஆண்டில் அந்த மரத்தடியில்தான் தோழர்கள் நபிகள் நாயகத்திடம் (ஸல்) உறுதிமொழி கொடுத்தார்கள். குர்ஆனே குறிப்பிடும் மரம் அது. மக்கள் தேடிப் போய் அங்கே தொழ ஆரம்பித்தார்கள். அந்த மரம் என்று சொல்லப்பட்டது வெட்டப்பட்டது. கல்லை முத்தமிட்டவரே மரத்தை ஏன் வெட்டினார்? கல்லுக்கு நபியின் முன்மாதிரி இருந்தது. மரத்தடித் தொழுகை மக்கள் தாமாகவே ஏற்படுத்திக்கொண்டது. நம் மார்க்கத்தில் ஒரு பொருளைக் கண்ணியப்படுத்துவதன் எல்லைக்கோடு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பொருளுக்குள் ஏதோ சக்தி குடியிருக்கிறது என்பதற்காக நாம் அதைத் தொடுவதில்லை. கற்றுத் தரப்பட்ட வழியில், அல்லாஹ்வை நினைத்துத் தொடுகிறோம்.

எங்கள் தெருவில் இருக்கும் ஆச்சி ஒருவர், நான் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய் வந்த பிறகு, "அந்தக் கறுப்புக் கல் உங்களுக்குச் சாமியா?" என்று நேராகக் கேட்டார். நல்ல கேள்வி. இல்லை ஆச்சி, என்று சொல்லிவிட்டு, கர்மதியர்கள் என்ற கிளர்ச்சிப் பிரிவினரின் கதையைச் சொன்னேன். 930-ஆம் ஆண்டில் அவர்கள் மக்காவைச் சூறையாடி அந்தக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல் அங்கே இல்லை. கஃபாவைச் சுற்றி வருவது அதற்காக நின்றுவிடவில்லை. இன்று அது துண்டுகளாக, வெள்ளிச் சட்டத்துக்குள் இருக்கிறது. உடைந்தது என்பதால் நமக்கு ஈமான், அதாவது இறைநம்பிக்கை, குறையவில்லை. ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் பத்திரமாகவும் வைத்துக்கொள்கிறீர்கள், அது இல்லாமலும் இருந்துகொள்வீர்கள்" என்றார். எங்கள் ஊரின் பெரிய பெரிய பேச்சாளர்களிடம் இவ்வளவு தெளிவை நான் கேட்டதில்லை.

ஹஜ் அத்தியாயத்தில் ஐந்து வசன இடைவெளியில் இரண்டு செய்திகள் வருகின்றன. அல்லாஹ்வின் சின்னங்களைக் கண்ணியப்படுத்துவது உள்ளத்தின் இறையச்சத்தில் சேர்ந்தது என்கிறது 22:32. குர்பானியின் இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனைச் சென்றடைகிறது என்கிறது 22:37. இரண்டையும் சேர்த்தே ஓத வேண்டும். கஃபாவின் போர்வையான கிஸ்வாவைப் பாருங்கள். கறுப்புப் பட்டில் பொன் இழையால் வசனங்களை நெய்து போர்த்துகிறார்கள். ஆண்டுதோறும் இறக்கிவிட்டுப் புதியதைப் போர்த்துகிறார்கள். 2022 முதல் அது முஹர்ரம் முதல் நாளில் நடக்கிறது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளை அறியாதவர் செட்டிநாட்டில் இல்லை. இடிக்கப்பட்ட வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் எனாமல் அடுக்குகளும் பீங்கான் ஜாடிகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு கடையில், கல்லச்சில் அடித்த பழைய குர்ஆன் ஒன்றைக் கண்டேன். கூடவே அதை விரித்து ஓதும் மடக்குப் பலகை, செதுக்கு வேலையோடு. ஏதோ விடுதியின் வரவேற்பறை அலங்காரத்துக்காக ஒருவர் இரண்டுக்கும் சேர்த்து விலை பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அந்தக் குர்ஆனை மற்றச் சாமான்களுக்கு மேலே, உயரமான தட்டில், ஒரு துணியை விரித்து வைத்திருந்தார். நான் பார்க்கக் கேட்டபோது, "நீங்களே எடுங்கள், நான் கைகால் கழுவவில்லை" என்றார். இந்து சகோதரர். தூய்மையானவர்களைத் தவிர வேறு யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்ற 56:79 வசனத்தை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

அவர் மீது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அதைப் பழைய சாமானோடு சாமானாகப் போட்டது நம் வீட்டுப் பிள்ளைகள்தானே! வெளிநாட்டில் இருந்துகொண்டு பூர்விக வீட்டை விற்கிறோம். பரணில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்க்கக்கூட நேரமில்லை. முத்தமிடுவதா கூடாதா என்று வாட்ஸ்அப்பில் இரவெல்லாம் சண்டை போட நேரம் இருக்கிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்தாலும், ஓதுவதற்கு யாரும் வராத இடத்தில் அழகுக்காக வைக்கப்பட்ட குர்ஆன் கண்ணியப்படுத்தப்படவில்லை என்பதே என் கருத்து. அபூஜஹ்லின் மகன் இக்ரிமா (ரலி), மக்கா வெற்றி வரை இஸ்லாத்தை எதிர்த்துப் போரிட்டவர், பிற்காலத்தில் குர்ஆனை முகத்தில் வைத்துக்கொண்டு "என் இறைவனின் வேதம்" என்று சொல்வாராம். அந்த முகத்தையும் அந்த வரவேற்பறையையும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஓத முடியாத அளவுக்கு நைந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு நம் முன்னோர் தெளிவாக வழி சொல்லியிருக்கிறார்கள். தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் அடக்கம் செய்யச் சொல்கின்றன ஹனஃபி சட்டப்பிரிவின் நூல்கள். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆனின் ஒரே படியை நிலைநிறுத்தியபோது மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்னார்கள். அதை ஆதாரமாக வைத்து எரிக்கலாம் என்போரும் உண்டு. மூன்றாவது வழியும் இருந்திருக்கிறது. 1972-இல் ஏமன் நாட்டின் சனா பெரிய பள்ளிவாசலைப் பழுதுபார்த்தபோது, கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே பழைய குர்ஆன் தோல் ஏடுகள் குவியலாகக் கிடைத்தன. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கணிக்கும் ஏடுகளும் அவற்றில் உண்டு. பாங்கு சொல்லும் மோதினார்கள் யாரோ சிலர், சிதைந்த ஏட்டைத் தூக்கி எறிய மனமில்லாமல் மேலே ஏற்றி வைத்தது உலகத்துக்கே செல்வமாகிவிட்டது.

அடக்கம் செய்வதிலும் நான் கொஞ்சம் நிதானம் கேட்பது இதனால்தான். நம் பரண்களில் குர்ஆன் மட்டும் இருக்காது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் கிதாபுகள் இருக்கலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அந்த எழுத்தில்தான் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மார்க்கம் சொன்னார்கள். என் பாட்டி நன்னிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அரபுத்தமிழ் தடங்கலின்றி வரும். அந்தத் தலைமுறைக்குப் பிறகு, அரபு எழுத்தைப் பார்த்தாலே குர்ஆன் என்று நினைத்து, பிரித்துப் பார்க்காமல் மூட்டையாகக் குழியில் வைத்துவிடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே மருத்துவக் குறிப்பு இருந்ததா, தாலாட்டு இருந்ததா, கடல் கடந்து போனவரின் கடிதம் இருந்ததா என்று ஒருவருக்கும் தெரியாமல் போகிறது.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்தில் வீடு விற்கிறவர்கள், பிரிக்கிறவர்கள், வெள்ளை அடிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி. கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள். கிடைப்பதைக் கடைக்கும் அனுப்பாதீர்கள், குழிக்கும் உடனே அனுப்பாதீர்கள். எங்கள் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் பேசியிருக்கிறேன். ஜும்ஆ முடிந்து கொண்டுவந்தால் பிரித்துப் பார்த்துச் சொல்லச் சம்மதித்திருக்கிறார். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் கூட இருப்பார். பக்கங்களைப் படம் எடுத்துவைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓதக்கூடிய நிலையில் இருக்கும் குர்ஆனை மதரஸாப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம், நைந்ததைச் சுற்றி அடக்குவோம். அந்த மடக்குப் பலகைகளையும் கொண்டுவாருங்கள், மதரஸாவில் தரையில் உட்கார்ந்து ஓதும் பிள்ளைகளுக்குப் போதுமான பலகைகள் இல்லை.