அலமாரிக்கு முன்னால் யாரையும் விசாரிக்காதீர்கள்

எங்கள் தெருவில் அக்கம்பக்கத்தினர் சேர்ந்து ஓர் இலவச உணவு அலமாரி நடத்துகிறோம். இருப்பவர்கள் கொண்டுவந்து வைக்கலாம், தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இதைக் கேள்விப்படும் பெரும்பாலோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வசதியா இருக்கிறவங்களும் வந்து எடுத்துட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"

ஒன்றும் செய்ய மாட்டோம். யாரையும் கேள்வி கேட்க மாட்டோம். பலருக்கு இந்தப் பதில் பொறுப்பில்லாத பேச்சாகத் தெரிகிறது. எனக்கோ இந்த வேலையின் அடிப்படையே அதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வருகிறவர்களைச் சோதிப்பது என்று முடிவெடுத்தால் என்ன நடக்கும்? ஒரு படிவம் வேண்டும், முகவரிச் சான்று வேண்டும், அதைப் பார்த்துச் சரி, இல்லை என்று சொல்ல ஓர் ஆள் உட்கார வேண்டும். போன வாரம் வேலை போனவரிடம் அதற்கு என்ன சான்று இருக்கும்? வீட்டை விட்டு வெளியேறி உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணின் காகிதங்கள் எல்லாம் பழைய வீட்டிலேயே கிடக்கும். யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லாத முதியவர் அந்த மேசையைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார். ஏமாற்ற நினைத்து வருகிறவருக்கு மட்டும் எந்தப் படிவமும் தடையாக இருக்காது. அவர் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்.

தேவையில்லாதவர் எடுத்துப்போனால் நமக்கு நஷ்டம் ஒரு பாக்கெட் பருப்பு. தேவைப்படுகிறவர் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனால் ஒரு வீட்டில் பிள்ளைகள் சாப்பிடாமல் படுக்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

அப்புறம், வசதியை வெளியிலிருந்து எப்படி அளப்பது? "பைக்கில வந்து எடுத்துட்டுப் போறாரு" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் வேலை தேடி அலைவதே அந்த பைக்கில்தான். சட்டையில் மடிப்புக் கலையாமல் வருகிறவருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வராமல் இருக்கலாம்.

உணவு வங்கி என்ற ஏற்பாடு தொடங்கிய விதத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் 1967இல் ஜான் வான் ஹெங்கல் என்பவர் செயின்ட் மேரிஸ் உணவு வங்கியைத் தொடங்கினார். உலகின் முதல் உணவு வங்கி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த யோசனையை அவருக்குக் கொடுத்தவர் ஒரு தாய். கடைகளுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் வீசப்பட்ட உணவைப் பொறுக்கித் தன் பிள்ளைகளுக்கு ஊட்டியவர். வங்கியில் பணம் போடுவதுபோல உணவைப் போட்டு வைக்கவும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளவும் ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று சொன்னது அவர்தான். அதாவது வழி சொன்னது, பசியோடு இருந்த வீடு. அப்படிப்பட்ட ஒருவரைச் சந்தேகத்தோடு ஏற இறங்கப் பார்க்கிற உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

இன்னும் அண்மைக் கதை பிலிப்பைன்ஸில் நடந்தது. 2021 ஏப்ரலில், கொரோனா ஊரடங்குக் காலத்தில், கெசோன் சிட்டியின் மாகின்ஹாவா தெருவில் அனா பத்ரீசியா நோன் என்ற இளம்பெண் ஒரு மூங்கில் வண்டியை நிறுத்தி உணவுப் பொருட்களை வைத்தார். முடிந்ததைக் கொடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அட்டையில் எழுதி வைத்தார், அவ்வளவுதான். சில நாட்களிலேயே நாடு முழுக்க அதைப்போல நூற்றுக்கணக்கில் தோன்றின. யாரையும் கேள்வி கேட்காததும் அது அத்தனை வேகமாகப் பரவியதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். படிவமும் அலுவலகமும் தேவைப்பட்டிருந்தால் எத்தனை தெருக்களில் தொடங்கியிருப்பார்கள்?

விசாரிக்காமல் இருப்பது பாதி மரியாதைதான். எடுப்பவரே பார்த்துத் தேர்ந்தெடுக்க விடுவது மீதிப் பாதி. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு ஒன்று வேண்டும், பல் இல்லாதவருக்கு வேறொன்று. சமையல் எரிவாயு தீர்ந்துபோன வீட்டில் மாவையும் பருப்பையும் வைத்து என்ன செய்வார்கள்? அப்படியே பிரித்துச் சாப்பிடக்கூடியதுதான் அவர்களுக்கு அன்றைக்கு உணவு. தேர்ந்தெடுக்க விட்டால் வேண்டாதது அலமாரியிலேயே தங்கி அடுத்தவருக்குப் போகும். எதுவும் வீணாகாது.

கொடுப்பவர்களிடம் இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த, தேதி முடிந்துபோன பொருட்களைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். "பசிக்கிறவங்களுக்கு இது போதாதா" என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. உப்பிய டின், நசுங்கி மூடி தளர்ந்த டின் எதையும் வாங்க மாட்டோம். உள்ளே ஆபத்தான கிருமி வளர்ந்திருக்கலாம். 'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டிருப்பது தரத்தைப் பற்றியது, அந்தத் தேதி தாண்டினாலும் பல உலர்ந்த பொருட்கள் கெட்டுவிடுவதில்லை. 'யூஸ் பை' பாதுகாப்பைப் பற்றியது. அது தாண்டினால் பேச்சே இல்லை.

சமைத்த உணவையும் ஆளில்லாத அலமாரியில் வைக்க விடுவதில்லை. பலருக்கு இதில் மனவருத்தம் உண்டு. அன்போடு சமைத்துக் கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். எப்போது சமைத்தது என்றே தெரியாமல் ஒருவர் எடுத்துப்போய்க் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால்? மருத்துவச் செலவைத் தாங்க முடியாத வீட்டுக்கு நாமே நோயை அனுப்பியது போலாகிவிடும்.

யாராவது ஒருவரே மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிற நாளும் வரும். உடனே கேமரா வைக்கலாம் என்பார்கள். வேண்டாம். இருப்பு முழுவதையும் காலையிலேயே அடுக்காமல், கொஞ்சம் காலையில், மீதியை மாலையில் வைத்தால் போதும். 'வீட்டுக்கு இரண்டு எடுத்தால் எல்லோருக்கும் கிடைக்கும்' என்று எழுதி ஒட்டினால் பெரும்பாலானவர்கள் அதை மதிக்கிறார்கள்.

போட்டோ விஷயமும் இதேதான். பொருட்களைப் படம் எடுங்கள், அலமாரியைப் படம் எடுங்கள், பொருள் எடுக்க வருகிறவர் முகம் மட்டும் வேண்டாம். ஒரு சிறுமி அம்மாவோடு உணவு வாங்கி நிற்கும் படம் அவளுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? நன்கொடை கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் மாதாமாதம் வரவு செலவை எங்கள் குழுவில் போடுகிறோம், அதைப் பாருங்கள்.

உலகில் 2022இல் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. இவ்வளவும் குப்பைக்குப் போகும்போது வராத கோபம், தேவையில்லாத ஒருவர் ஒரு பாக்கெட் எடுத்தார் என்றதும் ஏன் வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

எங்களுக்கு உள்ள உண்மையான சிக்கல், ஒரு வாரம் பொருள் குவிவதும் அடுத்த வாரம் அலமாரி காலியாகக் கிடப்பதும். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் நிறைய வருகிறது, இடையில் ஒன்றும் இல்லை. நம்பி வந்தவர் காலி அலமாரியை இரண்டு முறை பார்த்தால் மூன்றாம் முறை வர மாட்டார். அதனால் பெரிய தொகை ஒருமுறை கொடுப்பதைவிட, ஒரு வீடு ஒரு பொருளுக்கு மாதாமாதம் பொறுப்பெடுத்துக்கொள்வது எங்களுக்கு அதிகம் உதவும். தானியத்துக்கும் பருப்புக்கும் ஆள் இருக்கிறார்கள். எண்ணெய், சோப்பு, சானிட்டரி நாப்கின் மூன்றுக்கும் இன்னும் யாரும் இல்லை. முடிந்தவர்கள் கமெண்டில் வேண்டாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.