லீடிங் எட்ஜ் டேப் ஒட்டினால் வேலை முடிந்துவிடாது

சிறு விமானங்களின் லீடிங் எட்ஜில், அதாவது இறக்கையின் முன்விளிம்பில், மழையும் மணலும் அரிக்காமல் காக்கும் பாலியூரித்தேன் டேப்பை ஒட்டிவிட்டு அதோடு மறந்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. டேப் நல்ல பொருள்தான். ஆனால் ஓரம் தூக்கி நிற்கிற டேப்பைவிட, டேப்பே இல்லாமல் ஒழுங்காகத் துடைத்து வைத்த இறக்கை எவ்வளவோ மேல்.

மழைத்துளி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் பறக்கும்போது ஒரு துளி மோதுகிற அந்தக் கணத்தில் உண்டாகும் அழுத்தம் கிட்டத்தட்ட 75 மெகாபாஸ்கல். கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். மைக்ரோ நொடிகளில் அது அடங்கிவிடும். ஆனால் அடி ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப விழுகிறது. முதலில் பெயின்ட் புள்ளிப் புள்ளியாகப் பெயரும், பிறகு ப்ரைமர் தெரியும். இழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள் இறக்கையாக இருந்தால் இழையே வெளியே வந்து ஈரம் குடிக்கும். ஓடுதளத்து மணலும் பூச்சிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

சொரசொரப்புதான் இதில் பெரிய ஆபத்து. முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் நடுத்தர உப்புத்தாள் அளவுக்குப் பனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவிசை 40 சதவீதம் வரை கூடலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. எச்சரிக்கிறது. அந்த இடம் அவ்வளவு நுட்பமானது. அதே இடத்தில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு படியை நாமே ஒட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் அந்த விமான மாடலுக்கு ஒப்புதல் உள்ள டேப், ஒப்புதல் உள்ள அகலம் என்பதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. சூடான காற்றால் பனி நீக்கும் லீடிங் எட்ஜில் இந்த டேப்புக்கு வேலையே இல்லை.

ஒட்டும் முறைக்கு வருவோம். புதுப் பெயின்ட் முழுதாக இறுகும்வரை காத்திருங்கள். சோப்பு நீரில் கழுவி, வாக்ஸ் துளியும் இல்லாமல் எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுவோம். அளவு குறிக்க மாஸ்கிங் டேப் போதும். அலுமினியத்தில் பென்சில் கோடு போடவே கூடாது, கிராஃபைட் அரிப்பைத் தொடங்கிவைக்கும். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் எழும்பும். ஒரு லிட்டர் நீரில் சில துளி பேபி ஷாம்பூ கலந்து, பரப்பிலும் பசைப்பக்கத்திலும் தெளித்து, முன்விளிம்பின் நுனியில் ஓடும் மூக்குக்கோட்டில் டேப்பின் நடுவை நேராக வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்க்வீஜியால் (நீர் வழிக்கும் பட்டை) நடுவிலிருந்து மேலும் கீழுமாக நீரைத் தள்ளுங்கள். ஓரங்களுக்கு மட்டும் மூன்று பங்கு நீரும் ஒரு பங்கு ஆல்கஹாலும் கலந்து தெளித்தால் பசை சீக்கிரம் பிடிக்கும். இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், சிறு இடைவெளி விடுங்கள். குறைந்தது ஒரு நாளாவது ஹேங்கரிலேயே நிற்கட்டும். பிறகும் பிரஷர் வாஷரை ஓரத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.

கழற்றும்போதுதான் அதிகம் கெடுக்கிறார்கள். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, டேப்பைப் பின்பக்கமாக மடக்கி, மெதுவாக இழுத்தால் வந்துவிடும். பிளேடு வைத்தால் தகட்டில் கீறல் விழும். அந்தக் கீறல் நாளைக்கு விரிசலின் தொடக்கம்.

ஆலங்கட்டியும் பறவையும் மோதினால் டேப் காப்பாற்றாது. பள்ளத்தின் ஆழத்தை அளந்து, ரிப்பேர் மேனுவலின் வரம்போடு ஒப்பிட வேண்டும். ஃபில்லர் பூசி மறைத்தால் வடிவம் வரலாம், வலிமை வராது. தாழ்ந்த இறக்கை விமானங்களில் எரிபொருள் ஹோஸைத் தரதரவென்று முன்விளிம்பின்மேல் இழுப்பதும் இதே சேதம்தான். ஒரு ரப்பர் பாய் விரித்தால் தீர்ந்தது. பனி நீக்கும் ரப்பர் பூட் (காற்றால் ஊதிப் பனிக்கட்டியை உடைக்கும் உறை) உள்ள இறக்கையில் இது இன்னும் முக்கியம், அங்கே ஊசித்துளை ஒன்று போதும், பூட் சரியாக ஊதாது.

செஸ்னா 172-ல் இடது இறக்கையின் லீடிங் எட்ஜில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்கும்போது வரும் எச்சரிக்கை ஒலி அதை நம்பித்தான் இருக்கிறது. டேப்போ வாக்ஸோ அதை அடைத்தால் ஹார்ன் ஊமையாகிவிடும். வேலை முடிந்ததும் துளைமேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பாருங்கள். சத்தம் கேட்ட பிறகே பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.